‘சமூகம்’ என்பது யார்? மாலை வகுப்புகளை முன்வைத்து

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்புகளைப் பற்றிய எழுத்துகளில் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அந்தச் சொல்லுக்குள் இருப்பவர் யார், அவருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 ஊர்களை எடுத்துக்கொண்டு அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. சில ஊர்களில் கூட்டம் போட்டுக் கிராமக் கல்விக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். வேறு சிலவற்றில் பிள்ளைகளின் வாசிப்பை ஊராரே சோதித்தறியவும் பழக்கினார்கள். பள்ளியில் ஒன்றும் அசையவில்லை. அப்படியொரு குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை. தாங்கள் அதன் உறுப்பினர் என்பதை அறியாத உறுப்பினர்களும் இருந்தார்கள்! மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்கள் சிறு பயிற்சி பெற்று, ஊதியமின்றி வாசிப்பு முகாம் நடத்தினார்கள். எழுத்தறியாமல் வந்த பிள்ளைகள் அங்கே எழுத்தறிந்தார்கள். ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் மொத்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். ஊர் கூடித் தேர் இழுக்கவில்லை; வடத்தைப் பிடித்தவர்கள் சில இளைஞர்கள்.

தமிழ்நாட்டு அரசின் மாலை வகுப்புத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அரசுத் திட்டத்தைச் சமூக முயற்சி என்பது பொருந்துமா என்று கேட்கலாம். வகுப்பு நடந்தது தெருவில், நடத்தியவர் அதே தெருக்காரர் என்பதால் பொருந்தும் என்றே கருதுகிறேன். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவாக, 2021 டிசம்பரில் கணக்கில் ஏறத்தாழ 0.73, மொழியில் 0.34 திட்டவிலக்க அளவுக்குப் பின்னடைவு இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாயிற்று. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் வந்தது.

இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஜவுன்பூரில் பள்ளிகள் இயங்கிக்கொண்டிருந்தன. இங்கோ ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்தன. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஒதுக்கிவிட இயலாது. இங்கே தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. மாதம் 20 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு 33 ரூபாய் ஆகிறது. 2021–22இல் நூறு நாள் வேலைக்கு இங்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 273 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் 34. பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்தவரின் கற்பித்தலும் ஏரி தூர்வாருதலும் ஏறத்தாழ ஒரே விலை. இந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். ‘ஊதியம்’ என்றால் குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பேசவேண்டி வரும். அதனால்தானோ என்னவோ, அரசாணைத் தமிழில் அதற்கு ‘ஊக்கத்தொகை’ என்று பெயர்.