சிரிப்பின் புனிதரும் அல்லைப்பிட்டியும்

துன்புறுத்தப்படும்போது மகிழுங்கள் எண்டு மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் முழுக்க மகிழ்ச்சி பற்றித்தான் பேசுகிறது, ஆனால் பவுல் அதைச் சிறையில் இருந்து எழுதினார். யாழ்ப்பாணத்தில் இந்தப் போதனை ஏட்டில மட்டும் இருந்ததில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எண்டும் வேலணைத்தீவுக்கு லைடன் எண்டும் தங்கட ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில இடம் குடுத்தால் மரணதண்டனை எண்டு அதே ஆண்டு கட்டளை வந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. இதற்கு முன் போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்ததையும் மறக்கக்கூடாது. நேற்று அதிகாரத்தோட நிண்ட மதம் இண்டைக்கு ஒளிச்சுத் திரிந்தது.

கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். சில்லாலையில் சனம் அவரை மறைத்து வைத்தது. பூசை இரவில் நடந்தது. 1689 நத்தார் இரவில் கூடியிருந்தவர்களைச் சிப்பாய்கள் பிடித்தார்கள், அடியும் சிறையும் கிடைத்தன. வீட்டுக்குள்ள தனியச் செபித்திருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் நத்தார் ஒண்டுகூடிக் கொண்டாடுற நாள். அவர்களுக்கு மகிழ்ச்சி எண்டது வலியை ரசிக்கிறது இல்லை, பயத்துக்காகக் கொண்டாட்டத்தை விட்டுக்குடுக்காமல் இருக்கிறது.

வாஸ் அடிகளார் இருந்த கோவா ஒரற்றோரியன் சபை, 16ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரியாரின் வழி வந்தது. பகிடியும் சிரிப்புமாக வாழ்ந்ததால் அவரை மகிழ்ச்சியின் புனிதர் என்பார்கள். அவர் பெயரில் அல்லைப்பிட்டியில் ஒரு கோயில் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 13இல் அங்க தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல எறிகணை விழுந்தது, பலர் செத்தார்கள். ஒரு கிழமையில் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் அவரோட போனவரும் காணாமலாக்கப்பட்டார்கள்.

அந்தக் குடும்பங்களிடம் போய், மகிழுங்கோ எண்டு ஆர் சொல்லலாம்? வெளியில நிண்டு சொன்னால் அது அநியாயத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை. பவுல் சங்கிலியோட இருந்துதான் எழுதினார், 1689இல் கூடினவர்களும் தங்கட முதுகைத்தான் பணயம் வைத்தார்கள். துன்பப்படுகிறவர் தானாகச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கிறது. மற்றவர்கள் செய்யவேண்டியது ஒண்டு: காணாமல் போனவர்கள் எங்க எண்டு அவர்களோட சேர்ந்து கேட்கிறது.