காட்டுக்கோழியின் கழுத்திறகும் சால்மன் தூண்டிலும்

திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைக்காடுகளிலும் சித்தூரின் மேற்கே உள்ள வறண்ட குன்றுகளிலும் சாம்பல் காட்டுக்கோழி வாழ்கிறது. தெலுங்கில் அதற்கு ‘அடவி கோடி’ என்று பெயர். தமிழின் ‘கோழி’, தெலுங்கின் ‘கோடி’, கன்னடத்தின் ‘கோளி’ ஆகிய மூன்றும் ஒரே மூலச்சொல்லின் கிளைகள். தமிழ் ‘ஏழு’ தெலுங்கில் ‘ஏடு’ ஆவதைப் போலவே இங்கும் ழகரம் டகரமாகத் திரிந்திருக்கிறது. சொல்லே இவ்வளவு பழையது என்றால், இப்பறவையோடு இந்நிலத்து மக்களுக்கு இருந்த பழக்கமும் பழையதாகவே இருக்க வேண்டும்.

அப்பழக்கத்துக்குச் சங்க இலக்கியத்தில் நேரடிச் சான்று உண்டு. குறுந்தொகையின் 242ஆம் பாடலில் குழற்றத்தனார் முல்லை நிலத்துச் சிற்றூர் ஒன்றைக் காட்டுகிறார். புதர்களிலிருந்து மழைநீர் ஒழுகுகிறது. கானங்கோழிச் சேவலின் ஒளிரும் புள்ளிகள் கொண்ட கழுத்தில் குளிர்ந்த துளிகள் விழுகின்றன. புள்ளிக்குப் புலவர் ஆளும் சொல் ‘பொறி’. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழிக்குக் கழுத்தில் புள்ளி கிடையாது. கோதாவரிக்குத் தெற்கே பரவியுள்ள சாம்பல் இனத்தின் சேவலுக்கே அது உண்டு. ஆகவே புலவர் கண்டது இப்பறவையைத்தான் எனக் கொள்வதில் தடையில்லை.

அந்தப் பொறியின் அமைப்பு வியப்புக்குரியது. இறகின் நடுத்தண்டு நுனியை நோக்கிச் செல்கையில் தட்டையாக விரிந்து, மெழுகு பூசியது போன்ற பளபளப்பான தகடாகிறது. அதில் ஒரு வெண்புள்ளியும், நுனியில் பொன்மஞ்சள் புள்ளியும் அமைகின்றன. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் இவ்விறகுகளை உதிர்த்துவிட்டு, சில மாதங்கள் மங்கலான கழுத்தோடு திரியும். பெட்டையை ஈர்ப்பதற்காகவே இயற்கை செய்த அணி அது.

இவ்வணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவரும் எண்ணிப் பார்த்திராத ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டனின் சால்மன் ஆறுகளில் செல்வர்கள் தூண்டிலிட்டபோது புழுவைப் பயன்படுத்தவில்லை. இறகு, பட்டிழை, சரிகை ஆகியவற்றைக் கொக்கியில் கட்டிச் செய்த ‘ஈ’யைப் பயன்படுத்தினர். தொடக்கத்தில் இவை எளிய, மங்கிய நிறத்தவையாக இருந்தன. பேரரசின் கப்பல்கள் உலகின் பறவைத் தோல்களை லண்டனில் இறக்கத் தொடங்கிய பின் நிலைமை மாறிற்று. வில்லியம் பிளாக்கர் 1840களில் வெளியிட்ட நூலும், ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட ‘த சால்மன் ஃப்ளை’யும் இதனை ஒரு சாத்திரமாகவே ஆக்கின. எந்த ஈக்கு எந்தப் பறவையின் எந்த இறகு, எந்த வரிசையில் என்பதெல்லாம் விதிகளாயின.

புகழ்பெற்ற ‘ஜாக் ஸ்காட்’ என்னும் ஈயை எடுத்துக்கொள்வோம். உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கரும்பட்டு. இரண்டின் மீதும் வெள்ளிச் சரிகை சுற்றப்படும். வாலுக்குச் சீனத்துப் பொன்னிற ஃபெசன்ட், இடைக்கட்டுக்கு நெருப்புக்கோழி, உடலின் மீது போர்த்தத் தென்னமெரிக்க டூக்கான், கழுத்துக்கு ஆப்பிரிக்கக் கினிக்கோழி, சிறகில் மயில் உள்ளிட்ட பல பறவைகள், உச்சியில் கொம்புபோல் மக்காவ் கிளியின் இழைகள். பக்கங்களில், கண்போல் ஒளிர்வதற்கு, நம் காட்டுக்கோழியின் பொறியிறகு.

இக்கலையைக் கற்போர் நெடுநாள் பழகுவது சிறகைக் கட்டுவதற்கே. இறகின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அடுத்த இழையோடு அது கோத்துக்கொள்வது அவற்றால்தான். வெவ்வேறு பறவைகளின் இழைகளைப் பிரித்தெடுத்து, அக்கொக்கிகள் ஒன்றையொன்று பற்றும்படி விரலால் நீவி, ஒரே பறவையில் முளைத்த இறகுபோல் ஆக்க வேண்டும். இதற்கு அவர்கள் வழங்கும் சொல் ‘மணம் செய்வித்தல்’. இடச்சிறகுக்கு இடப்பக்க இறகும் வலச்சிறகுக்கு வலப்பக்க இறகுமே பொருந்தும். நூலின் ஒரு சுற்று கூடினால் தலை பருத்துவிடும். இழுவிசை குறைந்தால் சிறகு சாயும். காளஹஸ்திக் கலம்காரியில் கடுக்காய் ஊறலும் கரிக்கோடும் படிகாரமும் நிறமும் முறை பிறழாமல் வருவதைப் போல, இங்கும் முன்னதைச் சரியாக முடிக்காமல் பின்னதைத் தொட இயலாது.

இத்தனை உழைப்பும் யாரை மயக்க? அட்லாண்டிக் சால்மன், முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை உண்பதை நிறுத்திவிடுகிறது. அது ஏன் ஈயைக் கவ்வுகிறது என்பதற்குச் சினம், பழக்கம், அனிச்சை எனப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. மங்கிய நிறத்து எளிய ஈக்களுக்கும் அது அகப்பட்டே வந்தது. ஏழு நாட்டுப் பறவைகளின் அணிவகுப்பை வேண்டியது மீனின் கண்ணன்று, மனிதனின் கண்.

மொழியியல் மாணவர் என்ற முறையில் என்னை ஈர்ப்பது இவ்வணிகத்தின் சொற்கள். ஈ கட்டுவோர் மிக விரும்பிய செந்நிற இறகு ஒன்றுக்கு ‘இந்தியக் காகம்’ என்று பெயர். அது இந்தியப் பறவையும் அன்று, காகமும் அன்று. தென்னமெரிக்கக் காட்டில் பழம் தின்று வாழ்வது. உண்மையில் இந்தியாவுக்கே உரிய பறவையோ வெறும் ‘ஜங்கிள் காக்’ ஆயிற்று. ‘ஜங்கிள்’ என்பதே வறண்ட நிலத்தைக் குறித்த ‘ஜாங்கல’ என்னும் வடசொல்லிலிருந்து இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அறிவியற் பெயரும் நிலத்தைச் சுட்டவில்லை. இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னராவின் நினைவாக 1813இல் தெம்மிங்க் அதற்கு ‘காலஸ் சொன்னராட்டி’ எனப் பெயரிட்டார். பொறியைக் கண்டு பாடிய மொழியின் சொல், பொறியை விலைக்கு வாங்கிய உலகில் எங்கும் இல்லை.

தென்னிந்தியக் காடுகளில் கழுத்துத் தோலுக்காகவே சேவல்கள் கண்ணியிட்டுப் பிடிக்கப்பட்டன. அக்காலத்தில் திருப்பதியும் சித்தூரும் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். காட்டுப்பறவைகளின் இறகு, தோல் ஏற்றுமதியை இந்திய அரசு 1902இலேயே தடை செய்தது. பிரிட்டன் இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்தை 1921இல்தான் இயற்றியது. எனினும் கள்ளக் கடத்தல் நெடுங்காலம் நீடித்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும், 2010இன் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் இப்பறவைக்கு இன்று அரணாக நிற்கின்றன.

கலை அழியவில்லை. இன்று இவ்வகை ஈக்களைக் கட்டுவோரிற் பலர் மீன் பிடிப்பதில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். பெரும்பாலோர் சாயமிட்ட வான்கோழி, கோழி இறகுகளையும், பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகுகளையும் கொண்டே செய்கின்றனர். எனினும் அசல் இறகின் மீதான வேட்கை என்ன செய்யும் என்பதை 2009 ஜூனில் உலகம் கண்டது. இங்கிலாந்தின் டிரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களை ஓர் இளம் இசை மாணவர் திருடினார். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டியவையும் அவற்றுள் இருந்தன. மீட்கப்பட்டவற்றுள் பலவற்றில் பெயர்ச்சீட்டுகள் இல்லை. எங்கே, எப்போது, யாரால் திரட்டப்பட்டது என்னும் குறிப்பை இழந்த தோல் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

நம் பக்கத்திலும் அத்தகைய சீட்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், அதன் கால்களுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு சாம்பல் இனத்திலிருந்து வந்தது என 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் முற்றத்தில் மேயும் கோழியின் காலில் இக்காட்டின் பங்கு இருக்கிறது. ஆனால் அப்பறவையின் குரலுக்கும், பொறியிறகுக்கும், அது கழுத்தணியை உதிர்த்துத் திரியும் பருவத்துக்கும் மலையடிவாரத்து மக்கள் வழங்கிய சொற்கள் அகராதியேறாமலே மறைகின்றன. நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமநேர் பகுதிகளில் தமிழோ தெலுங்கோ பேசும் முதியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் சொல்லை ஊர்ப்பெயரோடு இங்கே எழுதுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத சொல்லும் சீட்டு இல்லாத தோல்தான்.