சீமையும் வேலியும்: ஒரு முள்மரத்தின் பெயர்வழி

மேகமலை அடிவாரத்து ராயப்பன்பட்டியில் தொடங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகள் வரைக்கும் நடந்தால், ஒரே முள்மரம் பெயர் மாறி மாறி நம்மோடு கூடவே வரும். சீமைக் கருவேலம் என்பார் ஒருவர். சீமைக் கருவை என்று சுருக்குவார் இன்னொருவர். திராட்சைத் தோட்டத்துக்காரர் வேலிகாத்தான் என்பார். பெயர்களை நேசிப்பவர்களுக்கு இந்த மரத்தைப் போல விருந்து வைப்பது வேறில்லை. அதை வேரோடு பிடுங்க ஊர் கூடும் காலத்தில், பெயரின் வேரையும் ஒருமுறை தோண்டிப் பார்ப்போம், வாருங்கள்.

‘சீமை’ வடசொல். ‘சீமா’ என்றால் எல்லை, வரம்பு. ஈற்று ஆகாரம் ஐகாரமாகித் தமிழுக்குள் வந்த பிறகு, அந்தச் சொல் எல்லையில் நிற்கவில்லை. எல்லைக்குள் அடங்கிய நிலத்தையே குறிக்கலாயிற்று. சிவகங்கைச் சீமை, மதுரைச் சீமை என்று நாம் பெருமிதத்தோடு சொல்வது அந்தப் பொருளில்தான். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் அதே சொல் கப்பலேறியது. துரைகளின் ஊர் சீமையானது. ‘சீமைக்குப் போய் வந்தவர்’ என்றால் இலண்டன் போய் வந்தவர் என்று பொருளாயிற்று. பிறகு அயலிலிருந்து வந்த பொருளுக்கெல்லாம் அது அடைமொழியாகி ஒட்டிக்கொண்டது: சீமைச் சுண்ணாம்பு, சீமையெண்ணெய், சீமை ஓடு, சீமைப்பசு, சீமையகத்தி. எல்லை என்று பிறந்து, எல்லைக்கு உட்பட்ட சொந்த மண்ணாக வளர்ந்து, கடைசியில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அனைத்துக்கும் முத்திரையான சொல் இது. ஒரு சொல் தன் வாழ்நாளில் இவ்வளவு தொலைவு நடப்பது அரிது.

இனி வேலிகாத்தானைப் பாருங்கள். வேலி நம் சொல். முள்ளை அடைத்து நிலத்தைக் காக்கும் அரண் அது. ஆனால் சோழர் கல்வெட்டுகளில் வேலி நில அளவையாகவும் வருகிறது. இருபது மா கொண்டது ஒரு வேலி. நிலத்தைச் சூழ்ந்து நின்ற முள்ளின் பெயர், சூழப்பட்ட நிலத்தின் பெயராயிற்று. சீமை என்னும் வடசொல் எந்த வழியாக எல்லையிலிருந்து நாடாயிற்றோ, அதே வழியாக வேலி என்னும் தமிழ்ச்சொல் அரணிலிருந்து வயலாயிற்று. ஒரு மரத்துக்கு இருவேறு வாய்கள் இட்ட இரண்டு பெயர்களிலும் எல்லை ஒளிந்திருப்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களுக்கும் கடத்தவே இதை எழுதுகிறேன். ‘காத்தான்’ என்ற வினையாலணையும் பெயருக்குள் இன்னோர் அழகும் இருக்கிறது. காத்தவராயனைக் காத்தான் என்று அழைத்துப் பழகிய நாவு, ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தின் சாயலை ஒரு முள்மரத்துக்கும் தந்துவிட்டது. ஆடு கடிக்காத இலை, கால் வைக்க முடியாத முள், தண்ணீர் ஊற்றாமலே தழைக்கும் உடல்: உழவர்கள் அதைக் காவலனாக ஏற்றதில் குற்றம் காண என்னால் முடியவில்லை.

மரம் வந்த வரலாறு ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் அதன் தாயகம். 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலங்களில் நட்டு வளர்க்க இதன் விதைகளை வரவழைக்கும்படி அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு சமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பையை அடுத்த கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. விறகுப் பஞ்சம் தீரும் என்பது எண்ணம்; தீரவும் செய்தது. இன்றும் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரமே சோறு.

வந்த மரத்துக்கு ஒவ்வொரு மொழியும் எப்படிப் பெயரிட்டது என்று பார்ப்பது தனி இன்பம். தெலுங்கர் ‘சர்க்கார் தும்ம’ என்றனர். அரசாங்கம் கொண்டுவந்த வேலமரம். இந்தியில் ‘விலாயத்தி கீக்கர்’. விலாயத்து நம் சீமைக்கு உடன்பிறப்பு. கன்னடத்தில் ‘பள்ளாரி ஜாலி’. குசராத்தியில் ‘காண்டோ பாவள்’, அதாவது பித்துப் பிடித்த வேலமரம். கட்சுப் பகுதியின் புல்வெளிகளை அது விழுங்கிய விரைவைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. கவனித்தீர்களா, எல்லாரும் தத்தம் ஊர் வேலமரத்தின் பெயரையே எடுத்து முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சுட்டுவது மக்களின் பெயரிடு முறை. நிலைத்திணை நூலோர் வழியோ வேறு. அவர்கள் இந்த மரத்துக்கு இட்ட ‘சூலிஃபுளோரா’ என்ற பெயரைக் கேட்டு, சூலை மாதத்தில் பூப்பது என்று பலர் நினைப்பதுண்டு. இலத்தீனத்தில் ‘சூலுசு’ என்பது தொங்கும் நீள் பூங்கொத்து. மரத்தின் அடையாளமே அந்தப் பூங்கொத்துதான் என்பதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இரவல் பெற்ற பெயருக்கு உரியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். வேல் என்பது நம் முள்மரக் குடியின் பொதுப்பெயர். முருகன் கைப்படைக்கும் அதே ஓசை. கருவேல், வெள்வேல், குடைவேல் என்று பட்டையின் நிறத்தாலும் முடியின் வடிவாலும் முன்னோர் அதைப் பிரித்தறிந்தனர். திருவேற்காடு என்ற ஊர்ப்பெயரில் அதன் காடு இன்றும் நிற்கிறது. பல்லுக்கு உறுதி என்று ஆலோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் அதுவே. ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கட்டை, தோல் பதனிடப் பட்டை, மருந்துக்குப் பிசின், ஆட்டுக்குக் காய் என்று கருவேல் கொடுக்காதது குறைவு. சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் தண்ணீர் நிற்கும் கண்மாய்க்குள் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது அதன் கிளைகளில். சீமைக்காரன் வருவதற்கு முன் அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. வந்த பிறகுதான் ‘நாட்டுக் கருவேலம்’ என்ற பெயர் பிறந்தது. பசுவுக்கும் கோழிக்கும் சருக்கரைக்கும் நேர்ந்ததுபோல, உரியவரே தம்மை ‘நாட்டு’ என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் நிலை.

இங்கேதான் எனக்கு ஓர் உண்மையான கவலை. நாவு சுருக்கத்தை விரும்பும். நீளமான பெயரில் முதலில் உதிர்வது அடைமொழி. 2017-இல் வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற ஆணையிட்டபோது, மாணவர், வழக்கறிஞர், ஊர் இளைஞர் என்று ஆயிரக்கணக்கானோர் தாமே முன்வந்து கண்மாய்களில் இறங்கினார்கள். அந்த எழுச்சி தமிழ்நாட்டுக்குப் பெருமை. அதே ஆண்டில் சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்ததும், 2022-இல் மாநில அரசு அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கத் தனிக் கொள்கை வகுத்ததும் பின்னர் நடந்தவை. ஆனால் அந்த எழுச்சி நாள்களில் பேச்சிலும் எழுத்திலும் ‘கருவேல மரங்களை ஒழிப்போம்’ என்றே அதிகம் வழங்கியது. சீமை உதிர்ந்துவிட்டது, பழி மட்டும் கருவேலின் தலையில் இறங்கியது. இரண்டும் முள், இரண்டும் இறகு போன்ற சிற்றிலை. பெயரை நம்பி அரிவாளை எடுத்தவர் முன்னால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பறவை கூடு கட்டும் மரம் விழுவதற்கு ஓர் அடைமொழி உதிர்ந்தால் போதும்.

களத்தில் வழங்கும் சொற்களிலும் கற்க நிறைய உண்டு. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்குள் ஒன்றுக்கு நாலாய்த் துளிர்க்கும். ‘தூரோட எடு’ என்பது அனுபவசாலிகளின் முதல் கட்டளை. தூர் என்பது மரத்தின் அடிவேர்ப் பகுதி. கண்மாயில் படிந்த வண்டலும் தூர்தான். அதை அள்ளுவது தூர்வாருதல். ஒரே கண்மாயில் ஒரே நாளில் இரண்டு தூரையும் எடுக்கும் கூட்டத்துக்கு இந்த ஒற்றுமையை விளக்க வேண்டியதே இல்லை. ஒருவர் கவைக்கம்பால் முள்ளை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கடப்பாரையால் தூரைச் சுற்றி மண்ணை நெகிழ்த்துவார். பழுத்து உதிர்ந்த நெற்றைத் தனியே கூட்டி அள்ளுவார்கள். இனிப்புக்காக அதைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியாகத்தான் விதை ஊரெங்கும் பரவுகிறது.

மலையேறினால் பகைவன் மாறுவான். அங்கே உண்ணிச்செடி. உண் என்னும் வேர், இகர ஈறு. உண்பது எதுவோ அது உண்ணி. புல்லுண்ணி, ஊனுண்ணி, ஒட்டுண்ணி என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால், காட்டின் அடித்தளத்தையே உண்டு வளரும் புதருக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. பழனி மலையின் வட்டக்கானலில் தான்யா பால்கர், இராபர்ட் சுதூவர்ட் இருவரும் 2001-இல் தொடங்கிய காப்பு அறக்கட்டளை, சோலைக்காட்டை மீட்கப் பாடுபட்டது. உலகத்துச் சூழலியலாளர் அந்தக் காட்டைக் குறிக்க நம்மிடமிருந்து பெற்ற சொல் ‘சோலை’. சீமையைக் கடன் வாங்கிய தமிழ், சோலையைக் கடன் கொடுத்திருக்கிறது.

ராயப்பன்பட்டியிலோ உங்கள் ஊரிலோ அடுத்த முறை முள்ளெடுக்கக் கூடும்போது அறிவிப்புப் பலகையில் ‘சீமை’யை விடாமல் முழுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அரிவாளை ஓங்கும் முன் பூவையும் காயையும் பார்க்கச் சொல்லுங்கள். பூ வெளிர்மஞ்சள் நீள்கொத்தாகத் தொங்கி, காய் மஞ்சளாய்ச் சதைப்பற்றோடு இனித்தால் அது சீமை. பூ பொன்னிற உருண்டையாகி, சாம்பல் பூத்த காய் விதைக்கு விதை இடுப்பொடுங்கி மணி கோத்தாற்போல் இருந்தால், அது கருவேல். அதை விட்டுவிட்டு அடுத்த தூருக்குப் போங்கள்.