ஐந்து கெல்வின் என்று முன்பே சொன்னவர்கள்



உங்களில் சிலருடைய பிள்ளைகள் இப்போது முதுகலை இயற்பியல் படிக்கிறார்கள். அதில் பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தைப் பற்றி ஒரு தாள் வருவதுண்டு. அதில் வரும் ஒரு முக்கியமான செய்தியின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பாடம். பிரபஞ்சம் தொடக்கத்தில் மிகச் சூடாக இருந்தது. விரிய விரிய ஆறியது. சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்கு இறங்கியது. எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்து அணுக்கள் ஆயின. அதுவரை எலக்ட்ரான்களில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த ஒளிக்கு வழி கிடைத்தது. அதற்குப் பிறகு பிரபஞ்சம் ஏறக்குறைய 1,100 மடங்கு விரிந்துவிட்டது. அந்த ஒளியின் அலைநீளம் எத்தனை மடங்கு நீள்கிறதோ, அத்தனை மடங்கு வெப்பநிலை குறையும். 3,000-ஐ 1,100-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.7 வரும். இன்று எந்தத் திசையில் வானத்தைப் பார்த்தாலும் இந்தக் கதிர்வீச்சு இருக்கிறது. பழைய டிவியில் நிகழ்ச்சி இல்லாத சேனலில் புள்ளி புள்ளியாக இரையுமே, அதில் ஒரு சிறு பங்கு இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டால் பென்சியாஸ், வில்சன் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். சரியான விடைதான். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் எப்படியும் போகாத ஓர் இரைச்சல் கேட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தையும் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அதன் அளவு சுமார் 3.5 கெல்வின். அருகில் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு அதே கதிர்வீச்சைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தது. இரு தரப்பும் பேசியபோது விளங்கிவிட்டது. 1965-இல் இரு கட்டுரைகளும் ஒரே இதழில் வந்தன. 1978-இல் பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தக் கதிர்வீச்சு இருக்க வேண்டும் என்று 1948-லேயே அச்சில் எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன். அவர்கள் சொன்ன அளவு 5 கெல்வின்.

ஆல்ஃபர் பகலில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வழிகாட்டி ஜார்ஜ் காமோவ். முதலில் எடுத்த ஆய்வுத் தலைப்பில் ரஷ்யாவின் லிஃப்ஷிட்ஸ் ஏற்கெனவே கட்டுரை வெளியிட்டுவிட்டது தெரிந்ததும், ஆல்ஃபர் அதை விட்டுவிட்டுப் புதுத் தலைப்புக்கு வந்தார். தொடக்ககால வெப்பத்தில் தனிமங்கள் எப்படி உண்டாயின என்பதே அது.

அந்த ஆய்வைக் கட்டுரையாக அனுப்பும்போது காமோவுக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஆல்ஃபர், காமோவ் என்ற பெயர்களுக்கு நடுவே ஹான்ஸ் பெத்தேயின் பெயரையும் சேர்த்தால் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்குமே! வேலையில் பங்கு எடுக்காத பெத்தேயின் பெயர் அப்படித்தான் நுழைந்தது. கட்டுரை வெளிவந்த தேதி 1948 ஏப்ரல் 1. உலகம் சிரித்தது, ஆல்ஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பெரிய பெயர்களுக்கு இடையில் ஒரு மாணவனின் உழைப்பு யார் கண்ணில் படும்? அவர் அஞ்சியபடியே நடந்தது.

அந்தக் கோட்பாட்டில் பாதிதான் நிலைத்தது. ஹைட்ரஜன், ஹீலியம் கணக்கு சரியாக வந்தது. கனமான தனிமங்கள் அந்த வழியில் உருவாக முடியவில்லை. அவை விண்மீன்களுக்குள் உருவாகின்றன என்பது 1950-களில் தெளிவானது. அதனால் ஆர்வம் குறைந்தது, 5 கெல்வினும் மறந்து போயிற்று. ஆல்ஃபரும் ஹெர்மனும் தனியார் நிறுவன ஆய்வகங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். 1965-இல் பிரின்ஸ்டன் குழு வெளியிட்ட கட்டுரையில் இவர்களுடைய கணிப்பு குறிப்பிடப்படவில்லை.

பிறகு அங்கீகாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1993-இல் இருவருக்கும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஹென்றி டிரேப்பர் பதக்கம் கிடைத்தது. 1997-இல் ஹெர்மன் காலமானார். 2007 ஜூலை 27 அன்று வெள்ளை மாளிகையில் ஆல்ஃபருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கினார்கள். உடல்நிலை இடம் கொடுக்காததால் மகன் போய் வாங்கிக்கொண்டார். பதினாறு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, ஆல்ஃபர் இறந்தார். அப்போது அவருக்கு 86 வயது.

இதில் யாரும் யாரிடமும் திருடவில்லை. பென்சியாஸும் வில்சனும் பட்ட பாடு உண்மையான பாடு. ஆனாலும் முந்தைய கட்டுரைகளைத் தேடிப் படிக்காத சின்னக் கவனக்குறைவு ஒரு மனிதரின் வாழ்நாளையே தின்றுவிடும்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் ஆய்வு வழிகாட்டிகள். உங்களிடம் நான் கேட்பது இரண்டு. இந்தப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஆல்ஃபர், ஹெர்மன் பெயர்களையும் எழுதுங்கள். உங்கள் மாணவன் செய்த வேலையில் அவன் பெயர் முதலில் இருக்கட்டும். வேடிக்கைக்காகக்கூட வேறொரு பெயரை அங்கே சேர்க்காதீர்கள்.