அத்தையின் இரண்டு தழும்புகள்

அத்தையின் இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை வளைந்து போகும் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் காங்கேயம் தோட்டத்து வீட்டில் அதைப் பற்றிக் கேட்டால், “நெஞ்சுக்குள்ள வெரலை உட்டுத் தொறந்தாங்க கண்ணு” என்பார். கதை விடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நடந்திருக்கிறது.

1974. அத்தைக்கு ஆறாம் மாதம். கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தாலே மூச்சு வாங்கும். ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஈரோட்டில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சிஎம்சிக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டாராம். வந்திருந்தது, பத்து வயதில். முதலில் தொண்டை வலி, கொஞ்ச நாள் கழித்து முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. வீட்டில் நொச்சித் தழை ஒத்தடம் கொடுத்தார்கள். மூட்டு சரியாகிவிட்டது. எல்லாமே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் தொற்றும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அதைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் இதயத்தைப் புண்ணாக்குவது அந்தக் கிருமியே நேராகப் போய்ச் செய்கிற வேலையில்லை. அதன் மேலுறையிலுள்ள எம் புரதம், நம் இதயத்திலுள்ள சில புரதங்களின் சாயலில் இருக்கிறது. கிருமியை அடித்துப் பழகிய டி செல்கள் இதய வால்வைப் பார்த்ததும் அதே ஆள்தான் என்று நுழைந்துவிடுகின்றன. பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள், அதாவது விழுங்கணுக்கள், வந்து சேர்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. 1904இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ஆஷாஃப், இந்நோயில் இறந்தவர்களின் இதயத் தசையில் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து ரஷ்யரான நிக்கொலாய் அனிச்கோவ், கம்பளிப்பூச்சி போன்ற உட்கருவுள்ள செல்களை விவரித்தார். அவை இதயத் தசையிலிருந்தே வந்தவை என்பது அவர் எண்ணம். அதனால் ‘மயோசைட்’, தசைச் செல், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவை மேக்ரோஃபேஜ் வகை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது. அடிபட்டது யார், அடித்தது யார் என்பதையே மாற்றிப் படித்திருந்தார்கள்.

இந்தச் செல்கள் அடிப்பதோடு போவதில்லை. புண்ணை ஆற்றச்சொல்லித் தகவலும் அனுப்புகின்றன. அதைக் கேட்டு அங்கிருக்கும் செல்கள் கொலாஜன் நாரை நெய்கின்றன. மறுபடி தொண்டை வலி வந்தால் மறுபடி சண்டை, மறுபடி தழும்பு. மிட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, திறப்பு மீன் வாய் மாதிரி சுருங்கிவிடும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வழி ஒன்றரைக்கும் கீழே போகலாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடும். அத்தையின் மூச்சு அங்கேதான் முட்டியது.

1925இல் லண்டனில் ஹென்றி சௌட்டர், துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு ஓர் இளம்பெண்ணின் வால்வைச் சரிசெய்தார். அவள் பிழைத்தாள். இருந்தும் அதற்குப் பின் யாரும் அவரிடம் நோயாளிகளை அனுப்பவில்லை. 1948இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கெனும் இந்த சிகிச்சைக்கு மறுவாழ்வு தந்தார்கள். வேலூரில் ஸ்டான்லி ஜானும் சகாக்களும் 1983இல் எழுதிய கட்டுரையில், இப்படி வால்வு திறக்கப்பட்ட 3,724 பேரின் கணக்கு இருக்கிறது. மேலறை வழியாக விரல், கீழறை வழியாக விரிக்கும் கருவி, நடுவே துடித்துக்கொண்டிருக்கும் இதயம். அத்தை சொன்னதில் பொய்யே இல்லை.

அப்படியானால் இந்த நோயெதிர்ப்புச் செல்களை முதலிலேயே அடக்கிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 1955இல் வந்தது. அழற்சியை அடக்கும் கார்ட்டிசோன் பெற்ற குழந்தைகளுக்கும் வெறும் ஆஸ்பிரின் பெற்றவர்களுக்கும் மிஞ்சிய இதயப் பாதிப்பில் வித்தியாசமில்லை. அந்தச் செல்களை ஒரேயடியாக ஒழிக்கவும் முடியாது. மாரடைப்பில் செத்த தசையைச் சுத்தம் செய்து தழும்பால் அடைப்பவை அவைதான். அந்தத் தழும்பு சரியாக விழாவிட்டால் இதயச் சுவரே கிழிந்துபோகலாம். பிறந்த எலிக்குட்டியின் அடிபட்ட இதயம் தழும்பில்லாமல் புதிதாக வளரும். 2014இல் வந்த ஓர் ஆய்வில் மேக்ரோஃபேஜ்களை நீக்கிப் பார்த்தபோது, அந்தக் குட்டிகளுக்கும் தழும்பே விழுந்தது.

ஆக, உருப்படியாகச் செய்ய முடிந்தது ஆள்மாறாட்டம் தொடங்கும் இடத்திலேயே அதைத் தடுப்பதுதான். தொண்டை வலிக்குச் சரியான நேரத்தில் பென்சிலின். ஒருமுறை காய்ச்சல் வந்துவிட்டால், அது திரும்பாமலிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சாத்தின் பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில். 1950களிலிருந்தே இருக்கிற மருந்துதான். அத்தைக்குப் பத்து வயதிருக்கும்போதும் இருந்தது. தொண்டை வலிக்கும் மூட்டு வீக்கத்துக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் உண்டென்று தோட்டத்து வீட்டில் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த ஆறாம் மாதத்துக் குழந்தைக்கு, என் மச்சானுக்கு, இப்போது பேரன் இருக்கிறான். போன மாதம் அவன் தொண்டை வலிக்குது என்றதும், “நாளைக்குப் பாத்துக்கலாங்க அத்தை” என்றாள் மருமகள். அத்தை பதிலே சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.