இருண்டு போன சி.ஆர்.ஓ.

ஆசிலாஸ்கோப் என்று எங்கள் லேபில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சி.ஆர்.ஓ. தான். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய வால்வு செட். எங்கள் பேட்ச்சுக்கு அது ஒன்றுதான். 1972-ல் ஒரு நாள் என் முறை வந்தபோது பார்த்து அதன் பச்சைக் கோடு மறைந்துவிட்டது. இன்டென்சிட்டி குமிழை முழுக்கத் திருகினேன். ஊஹும்! "டியூப் போச்சு, கண்டம் பண்ண வேண்டியதுதான்" என்று தீர்ப்பாகி, பிரேக்கேஜ் ரிஜிஸ்டரில் என் பெயர் ஏறியது. காஷன் டெபாசிட்டோடு போகுமா, அப்பாவுக்குக் கடிதம் போகுமா என்று வயிற்றைக் கலக்கியது.

அந்த டியூபை 1897-ல் செய்தவர் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் பிரவுன். (1909-ல் மார்க்கோனியோடு அவர் பெற்ற நோபல் பரிசு இதற்கல்ல, கம்பியில்லாத் தந்திக்கு!) அவருடைய டியூபில் புள்ளி ஆடும், அவ்வளவே. அலையாக விரித்துப் பார்க்கச் சுழலும் கண்ணாடி வேண்டியிருந்தது. புள்ளியைப் பக்கவாட்டில் ஓட்டும் ஸ்வீப் சர்க்யூட் பின்னால் வந்தது. அது ஓயாமல் ஓடும். சிக்னல் இல்லாவிட்டாலும் கோடு தெரியும். ஆனால் படம் நழுவிக்கொண்டே இருக்கும். 1947-ல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 511 போன்ற கருவிகளில் சிக்னல் வந்து தட்டினால்தான் ஸ்வீப் கிளம்பும். அலை அசையாமல் நின்றது. தட்டாவிட்டால்? திரை இருட்டு. நல்ல கருவியும் செத்ததுபோல் கிடக்கும் குழப்பம் இந்த முன்னேற்றத்தோடு வந்ததுதான்.

எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு இது தெரிந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர். மாலையில் என்னை இருக்கச் சொன்னார். "முதல்ல இன்டென்சிட்டியைக் குறைங்க தம்பி. புள்ளி திடீர்னு வந்து ஒரே இடத்துல நின்னா திரை பொசுங்கிடும்." ட்ரிகரை ஆட்டோவில் வைத்தார். பொசிஷன் குமிழ்களை நடுவில் நிறுத்தினார். அப்போதும் இருட்டுதான்.

உறையைக் கழற்றினார். டியூபின் கழுத்தில் ஹீட்டர் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். சுவிட்சை அணைத்தாலும் கண்டென்சரில் மிச்சம் இருக்கும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட நீள ஸ்க்ரூ டிரைவரால், மேலும் கீழும் இழுக்கும் இரண்டு தகடுகளின் முனைகளைச் சேர்த்துத் தொட்டார்.

திரை நடுவில் பச்சைக் கோடு! "அண்ணே!" என்று கத்தியே விட்டேன்.

இரண்டு தகடுக்கும் ஒரே வோல்டேஜ் என்றால் கோடு நடுவுக்கு வந்தே ஆக வேண்டும். ஆக டியூபும் நல்லது, ஹை வோல்டேஜும் நல்லது. வெர்டிகல் ஆம்ப்ளிஃபையரின் கடைசி ஜோடி வால்வுகளில் ஒன்று அவிந்திருந்தது. அந்தப் பக்கத் தகட்டின் வோல்டேஜ் ஏறி, கோட்டைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோடு சாகவில்லை; கூரைக்கு மேலே நின்றது.

பீரோவில் கிடந்த மாற்று வால்வைப் போட்டார். மறுநாள் ரிஜிஸ்டரில் என் பெயரை அடித்தார்கள். பழுது நீக்கியவர் என்ற இடத்தில் லேப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.