இரண்டு ‘டிக்’ பிறந்த கதை

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் பொழுது முழுக்கத் தையல் மிஷின் ஓடும். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் வாரம் தலைவலிக்கும். பிறகு அந்தச் சத்தம் இருப்பதே மறந்துபோகும். எதிர்வீட்டுத் தம்பிக்கு மட்டும் மறக்கவில்லை. மனச்சிதைவு நோய் வந்ததிலிருந்து குக்கர் விசில், குழாயடிப் பேச்சு, மிஷின் எல்லாம் ஒன்றுபோலக் காதில் வந்து மோதுகிறது என்பான். “நாங்களும் இங்கதானே இருக்கோம், உனக்கு மட்டும் என்னடா?” என்பார் அவன் அம்மா.

தம்பி சொல்வதையேதான் ஸ்காட்லாந்து நோயாளிகளும் சொன்னார்கள். மெக்கீ, சாப்மன் என்ற இருவர் அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு 1961இல் எழுதிவைத்தார்கள். வேண்டாத சத்தத்தை ஒதுக்க முடியவில்லை என்பதே அதன் சாரம். அதை அளந்து காட்டும் வழி அமெரிக்காவின் டென்வரில் பிறந்தது. லாரன்ஸ் அட்லர், ராபர்ட் ஃப்ரீட்மன் குழு 1982இல் அதை வெளியிட்டது.

தலையில் மின்முனை ஒட்டிக் காதில் ஒரு ‘டிக்’. அரை வினாடி கழித்து அதே ‘டிக்’. சத்தம் விழுந்து சுமார் 50 மில்லிவினாடியில் மூளையில் ஒரு சிற்றலை எழும். பொதுவாக இரண்டாவது அலை நன்றாகத் தணிந்திருக்கும். ‘இப்பத்தானே கேட்டோம்’ என்று மூளை கதவை ஒருக்களித்துவிடுகிறது. மனச்சிதைவு உள்ள பலருக்கு அந்த அலை அவ்வளவாகத் தணியவில்லை. நோயில்லாத உடன்பிறப்புகள் சிலரிடமும் இதைப் பார்த்தார்கள். 1997இல் ஃப்ரீட்மன் குழு, 15ஆம் குரோமோசோமில் நிகோட்டின் ஏற்பி ஒன்றின் மரபணு இருக்கும் பகுதியோடு இதைத் தொடர்புபடுத்தியது. புகைத்ததும் சற்று நேரம் இரண்டாவது அலை தணிகிறது என்பதையும் டென்வரிலேயே கண்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று, பீடியும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது. எத்தனை முறை திட்டியிருப்போம்! பீடி மருந்தல்ல, அந்தப் பலன் சீக்கிரமே போய்விடும், நெஞ்சுக்கு வரும் கேடுதான் மிஞ்சும். ஆனால் அவன் எதைத் தேடுகிறான் என்பது கொஞ்சம் புரிந்தது.

இந்தச் சோதனையை மட்டும் வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்லை. ஆனால் தம்பி சொல்வது நடிப்பல்ல என்று அவன் அம்மாவிடம் எடுத்துச்சொல்ல எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் டிவியைக் குறைத்து வையுங்கள். அவரிடம் ஒருநேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். சயான் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.